யார் வீட்டிலிருந்து வருகிறாய்?

கேரி தர்க் என்கிற ஆசாமிக்கு 1978-ம் வருடம் மே மாதம் ஒரு யோசனை வந்தது.

அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே மார்க்கெட்டிங் பிரிவில் உத்தியோகம். கம்பெனி புதிதாகச் சில கம்ப்யூட்டர்களைத் தயாரித்திருந்தது. கலிஃபோர்னியாவில் இரண்டு இடங்களில் அவற்றை இயக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் ஆட்கள் வரவேண்டுமே? கம்பெனி இருப்பது கிழக்குக் கரையில். அங்கே எல்லோருக்கும் தெரியும். மேற்குக் கரையில் அவ்வளவாகச் செல்வாக்கு கிடையாது. ஒவ்வொருத்தருக்காக போன் போட்டு அழைத்தால் விடிந்துவிடும்.

அப்போது இன்டர்நெட் கிடையாது. அதன் தாத்தாவான அர்ப்பாநெட் இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஓடிய நெட்வொர்க். யார் யாரெல்லாம் அதில் இருக்கிறார்களோ அத்தனை பேரின் பெயரும் முகவரியும் ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டிருந்தது, நம் டெலிபோன் டைரக்டரி மாதிரி. தர்க் அதை எடுத்து மேற்குக் கரைக்காரர்களை மட்டும் பொறுக்கினார். 393 பேர் தேறினார்கள். சக ஊழியர் ஒருவர் உட்கார்ந்து முகவரிகளை டைப் அடித்தார். அத்தனை முகவரிகளைப் பெறுநர் பகுதி தாங்கவில்லை. நிரம்பி வழிந்து, மிச்சமெல்லாம் கடிதத்துக்குள்ளேயே கொட்டிவிட்டது. படிக்கிறவர் ஒரு வண்டி முகவரிகளைத் தாண்டித்தான் விஷயத்துக்கே வரவேண்டும்.

உலகின் முதல் ஸ்பாம் மெயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். (ஸ்பாம் என்கிற பெயர் பின்னால் வந்தது. அது டப்பாவில் அடைத்து விற்கிற ஒரு பன்றிக்கறி ஐட்டம். பிரிட்டிஷ் டிவியின் மான்ட்டி பைத்தான் கோஷ்டி 1970-ல் போட்ட ஒரு காமெடி நாடகத்தில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் அதுவே வரும். தமிழில் 'எரிதம்' என்று ஒரு சொல் உண்டு. பொருத்தமான சொல். புழக்கத்தில்தான் ஏனோ ஏறவில்லை.)

ராணுவத் தரப்பிலிருந்து செம டோஸ் விழுந்தது. அரசாங்கக் காரியத்துக்கான நெட்வொர்க்கில் கடை விரிக்கிறாயா என்று தர்க்கின் மேலதிகாரிக்கே போன் போயிற்று. தர்க் அலட்டிக்கொள்ளவில்லை. அந்த ஒரு மெயிலால் ஒரு கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாகப் பின்னாளில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இதில் நாம் பார்க்கவேண்டிய சங்கதி வேறு. தர்க் தன் பெயரை மறைக்கவில்லை. எந்தக் கம்பெனி, யார் அனுப்பியது, எல்லாம் பளிச்சென்று இருந்தது. அதனால்தான் திட்டுவதற்கு அவரைத் தேடவேண்டியிருக்கவில்லை.

அடுத்த பெரிய வெடி 1994 ஏப்ரலில். அரிசோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்ட்டர், மார்த்தா சீகல் என்கிற வக்கீல் தம்பதி. அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரிக்கு நாங்கள் விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று ஒரே விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒட்டிவிட்டார்கள். மேடம், சார், இருவருமே தங்கள் சொந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள். விளைவு? கோபக் கடிதங்கள் மலையாகக் குவிந்து, அவர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த கம்பெனியின் மெயில் சர்வர் திரும்பத் திரும்பப் படுத்துவிட்டது. கணக்கை ரத்து செய்துவிட்டார்கள்.

பின்னால் வந்த வியாபாரிகள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். விளம்பரம் அனுப்பக்கூடாது என்பதல்ல அந்தப் பாடம். அனுப்புகிறவன் முகவரியில் உண்மையை எழுதாதே.

மொட்டைக் கடுதாசி நமக்குப் புதிதா என்ன? ஆனால் மொட்டைக் கடுதாசியில் கையெழுத்துத்தான் இருக்காது. இங்கே நடந்தது அதைவிட மோசம். அடுத்தவன் கையெழுத்தைப் போட்டார்கள்.

எப்படி முடிந்தது என்று கேட்டால், அதற்கு ஜான் போஸ்டல் என்கிற தாடிக்காரரைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இன்டர்நெட்டின் ஆரம்பகால விதிகளில் பெரும்பகுதி இவர் கைபட்டு வெளிவந்தவை. நீண்ட தாடி, காலில் செருப்பு, ஒரு சாமியார் தோற்றம். எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கம்ப்யூட்டரிடம் எப்படிப் பேசவேண்டும் என்கிற ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். 1998-ல் இறக்கும்வரை அவற்றின் ஆசிரியர் அவர்தான். 1982 ஆகஸ்டில் அவர் எழுதியது ஆர்.எஃப்.சி. 821. எஸ்.எம்.டி.பி. என்று சொல்லப்படுகிற மின்னஞ்சல் விதி. இன்றைக்கும் நம் ஒவ்வொரு மெயிலும் அடிப்படையில் அந்தப் பேச்சு வழக்கில்தான் சர்வர் விட்டு சர்வர் தாவுகிறது.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் தெரியுமா? கிட்டத்தட்ட இப்படி.

"வணக்கம், இன்ன ஊரிலிருந்து வருகிறேன்."

"250. சரி, வா."

"அனுப்புகிறவர் ராமசாமி."

"250. சரி."

"இது கந்தசாமிக்கு."

"250. சரி, அப்படி ஒருத்தர் இங்கே இருக்கிறார்."

"இந்தா கடிதம்."

"250. வாங்கிக்கொண்டேன்."

250 என்பது 'சரி' என்பதற்கான எண். கவனித்துப் பாருங்கள். கந்தசாமி இருக்கிறாரா என்று சர்வருக்குத் தெரியும், அது அதன் சொந்த வீடு. ராமசாமி? வந்தவன் சொன்னான், சர்வர் நம்பியது. அவ்வளவுதான். ராமசாமி என்பதற்குப் பதில் ரிசர்வ் பேங்க் கவர்னர் என்று சொல்லியிருந்தாலும் பதில் 250தான்.

போஸ்டல் வெகுளியா? இல்லை. அங்கேதான் ஆச்சரியம். 1975 நவம்பரிலேயே இதே மனிதர் இன்னொரு ஆவணம் எழுதியிருக்கிறார். ஆர்.எஃப்.சி. 706. ஒரே ஒரு பக்கம். தலைப்பே 'குப்பைக் கடிதப் பிரச்னை பற்றி' என்பதுதான். வேண்டாத ஆளிடமிருந்து வருகிற செய்தியை மட்டும் மறுப்பதற்கு இந்த நெட்வொர்க்கில் வழியில்லை, ஒரு கம்ப்யூட்டர் கோளாறாகியோ வேண்டுமென்றோ செய்திகளைக் கொட்டினால் எதிரில் இருப்பவன் பாடு திண்டாட்டம் என்று எழுதினார். தர்க்கின் மெயிலுக்கு இரண்டரை வருடம் முன்பு! அவர் மனத்தில் இருந்தது விளம்பரமல்ல, பழுதான மெஷின்கள். இருந்தாலும் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு ஏன் 1982-ல் வாசலில் பூட்டுப் போடவில்லை? அன்றைக்கு மொத்த நெட்வொர்க்கிலும் இருந்தவை இருநூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள். எல்லாம் பல்கலைக்கழகம், ராணுவம், ஆராய்ச்சிக்கூடம். ஒருவன் சேட்டை செய்தால் அவன் பேராசிரியருக்கு போன் செய்யலாம். அக்கிரகாரத்தில் கதவைத் தாழ் போடாமல் தூங்கிய காலம். அன்றைய தலைவலி, கடிதம் எப்படியாவது போய்ச்சேர வேண்டும் என்பதே. அறுந்து அறுந்து வேலை செய்யும் லைன்கள். அதனால் ஒரு நல்ல பழக்கம்கூட இருந்தது. யாருடைய கடிதமாக இருந்தாலும் எந்த சர்வரும் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். இதற்கு 'ஓபன் ரிலே' என்று பெயர். நம் ஊரில் பஸ் டிரைவரிடம் பார்சலைக் கொடுத்தனுப்புவோமே, அந்த மாதிரி ஓர் உபகாரம்.

தொண்ணூறுகளின் நடுவில் இந்த உபகாரத்தில் மண் விழுந்தது. ஸ்பாமர் ஒரே ஒரு கடிதத்தையும் ஆயிரம் முகவரிகளையும் ஏதோ ஒரு காலேஜ் சர்வரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரதி எடுத்து விநியோகிக்கிற கூலி வேலை காலேஜுக்கு. திட்டு? அது போய்ச்சேர்வது அனுப்புநர் இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு.

ஜோ என்று ஒருவர். ஜோஸ் டாட் காம் என்ற பெயரில் இலவசமாக இணையப் பக்கங்கள் வைத்துக்கொள்ள இடம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1997 ஆரம்பத்தில், ஸ்பாம் மூலம் விளம்பரம் செய்தான் என்று ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மூடினார். அந்த ஆள் பழிவாங்கினான். ஜோவின் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஊரெல்லாம் குப்பை மெயில் அனுப்பினான். தவறான முகவரிகளுக்குப் போன கடிதங்கள் எல்லாம் 'டெலிவரி ஆகவில்லை' என்று ஜோவின் வீட்டுக்குத் திரும்பின. சரியான முகவரிக்குப் போனவற்றைப் படித்தவர்கள் ஜோவின் தளத்தைத் தாக்கினார்கள். தளம் படுத்தது. ஸ்பாமை எதிர்த்த ஒரு மனிதருக்கு, ஸ்பாம் அனுப்பியவர் என்று பட்டம். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'ஜோ ஜாப்' என்றே பெயர். பாவம், அகராதியில் ஏறிவிட்டார்.

அதே 1997-ல் டெக்ஸாஸில் ஃப்ளவர்ஸ் டாட் காம் என்ற முகவரியின் சொந்தக்காரர் கோர்ட்டுக்கே போனார். யாரோ ஒருவன் இந்த முகவரியைப் போலியாகப் போட்டு ஸ்பாம் அனுப்ப, ஆயிரக்கணக்கான கடிதங்கள் அவர் தலையில் திரும்பி விழுந்தன. வழக்கில் ஜெயித்தார். ஆனால் எத்தனை பேர் கோர்ட்டுக்குப் போகமுடியும்?

ஆக, வாசலில் வருகிறவனை விசாரிக்க வேண்டும். எப்படி?

வருகிறவனிடம் இரண்டு முகவரிகள் இருக்கின்றன. ஒன்று, அவன் வாயால் சொல்கிற முகவரி. அதில் என்ன வேண்டுமானாலும் புளுகலாம். இன்னொன்று, அவன் கம்ப்யூட்டரின் ஐ.பி. எண். இதில் புளுகுவது மகா கஷ்டம், ஏனென்றால் 250 என்கிற பதிலே அந்த எண்ணுக்குத்தான் போயாகவேண்டும். பொய் எண் கொடுத்தால் பதில் வேறு எங்கோ போகும், உரையாடலே நடக்காது.

முதலில் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். பால் விக்ஸி என்று ஒரு இன்ஜினீயர். இணையத்தின் டெலிபோன் டைரக்டரியான டி.என்.எஸ்.ஸை இயக்குகிற முக்கியமான சாஃப்ட்வேரைப் பராமரித்து வந்தவர். 1997-ல் இவரும் நண்பர்களும் ஒரு கறுப்புப் பட்டியல் தொடங்கினார்கள். ஸ்பாம் அனுப்புகிற, அல்லது அனுப்ப இடம் கொடுக்கிற கம்ப்யூட்டர்களின் ஐ.பி. எண்கள். உலகத்தில் எந்த சர்வரும் கடிதத்தை வாங்குவதற்குள், இந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். இருந்தால், வாசலோடு அனுப்பிவிடலாம். அமைப்பின் பெயர் எம்.ஏ.பி.எஸ். பின்பக்கமிருந்து படியுங்கள். எஸ்.பி.ஏ.எம்.!

பலன் பிரமாதம். பட்டியலில் ஏறினால் பாதி உலகம் கடிதத்தை வாங்காது என்ற பயத்தில் சர்வர்கள் ஓபன் ரிலேயை மூட ஆரம்பித்தன. அன்றைக்கு உலகின் பெரும்பாலான மெயில் சர்வர்களில் ஓடியது சென்ட்மெயில் என்கிற சாஃப்ட்வேர். 1998-ல் வந்த அதன் 8.9 பதிப்பில், அந்நியர் கடிதத்தைக் கடத்துவதில்லை என்பதே இயல்பான ஏற்பாடு ஆயிற்று. கூடவே ஒரு சின்ன விசாரணையும் சேர்ந்தது. அனுப்புநர் சொல்கிற டொமைன் டைரக்டரியில் இல்லாத கற்பனைப் பெயரா? அப்படியானால் வெளியே போ.

ஆனால் ஒரு தனியார் பட்டியல், யார் பேசலாம் யார் பேசக்கூடாது என்று தீர்மானிக்கலாமா? கோபித்தவர்களில் முக்கியமானவர் ஜான் கில்மோர். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஐந்தாவது ஊழியர், இணைய உரிமைகளுக்காகப் போராடும் இ.எஃப்.எஃப். அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். தன் வீட்டு சர்வரான டோட் டாட் காமை வேண்டுமென்றே ஓபன் ரிலேயாக வைத்திருந்தார். ஊர் சுற்றுகிற நண்பர்கள் எங்கிருந்தாலும் என் சர்வர் வழியாக மெயில் அனுப்பிக்கொள்கிறார்கள், அதில் உனக்கென்ன என்பது அவர் கட்சி. நிரபராதியின் ஒரு கடிதம்கூடத் தடுக்கப்படக்கூடாது, அப்படித் தடுக்கிற எந்த ஏற்பாடும் ஏற்பாடல்ல என்றார். 2001-ல் அவருடைய இணைய இணைப்பு நிறுவனமான வெரியோ அவர் சர்வர் மெயில் அனுப்பும் வழியை அடைத்துவிட்டது.

எனக்கு என்னவோ கில்மோர் பேச்சில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. கறுப்புப் பட்டியலில் ஒரு எண்ணை மட்டும் போடுவதில்லை, சில சமயம் தெருவையே சேர்த்துப் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஸ்பாமர் என்பதற்காக உங்கள் கடிதமும் போகாது. உங்களுக்குக் காரணமும் தெரியாது. மற்ற பாதி நியாயம், காலையில் மெயில் பெட்டியைத் திறந்து நூறு வயாகரா விளம்பரங்களை அழித்துக்கொண்டிருந்தவர் பக்கம். எம்.ஏ.பி.எஸ். மீது வரிசையாக வழக்குகள் விழுந்தன. கருத்துக்கணிப்புக் கம்பெனியான ஹாரிஸ் இன்டராக்டிவ் 2000-ல் பட்டியலை மட்டுமல்ல, அதை நம்பிக் கடிதத்தைத் தடுத்த ஏ.ஓ.எல்., மைக்ரோசாஃப்ட் போன்றவர்களையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு இழுத்தது. 2001-ல் இலவசச் சேவையை நிறுத்திக் கட்டணச் சேவையாக்கினார்கள்.

ஸ்பாமர்கள் சும்மா இருப்பார்களா? ரிலே போனால் என்ன, வைரஸ் இருக்கிறதே. 2003 வாக்கில், வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் லட்சக்கணக்கில் அவர்களுக்கு அடிமையாக மெயில் அனுப்பத் தொடங்கின. இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு வேறு. பட்டியல் மூச்சு வாங்கியது.

சரி, அப்படியானால் அந்த முதல் முகவரியை, வாயால் சொல்கிறதை, சோதித்தால் என்ன?

சோதிக்க போஸ்டலே ஒரு வசதி வைத்திருந்தார். 'இன்னார் உங்கள் இடத்தில் இருக்கிறாரா?' என்று எந்த சர்வரிடமும் கேட்கலாம், முழுப் பெயரோடு பதில் வரும். ஸ்பாமர்கள் அதை வைத்து உயிருள்ள முகவரிகளாகப் பொறுக்கிக்கொண்டார்கள். ஆகவே எல்லா சர்வர்களும் அந்த வசதியை அணைத்துவிட்டன. இப்போது கேட்டால், 252 என்று ஒரு பதில் வரும். 'உறுதி சொல்லமுடியாது, ஆனால் கடிதத்தைக் கொடு, முயற்சி பண்ணுகிறேன்' என்று அர்த்தம். கவர்மென்ட் ஆபீஸ் பதில்.

மாற்று வழி கண்டுபிடித்தார்கள். மிஸ்டு கால்! வந்தவனை வாசலிலேயே காக்கவைத்துவிட்டு, அவன் சொன்ன முகவரியின் சர்வருக்கு இந்த சர்வர் போன் போடும். 'உங்கள் ராமசாமிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்.' '250, கொடு.' 'சும்மாத்தான் கேட்டேன்' என்று வைத்துவிடும். ஆள் இருப்பது உறுதி. அந்தப் பக்கம் 'ராமசாமியா, அப்படி யாருமில்லையே, 550' என்று வந்தால், வாசலில் நிற்பவனுக்கும் 550. எக்ஸிம் போன்ற சர்வர் சாஃப்ட்வேர்களில் இந்த வசதி வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2004-ல் சேர்த்துக்கொண்டது.

கேட்கும்போது அருமையாக இருக்கிறது இல்லையா? ஜோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜோ நிஜமான ஆள். அவர் முகவரி நிஜமான முகவரி. அவர் பெயரில் பத்து லட்சம் போலிக் கடிதங்கள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய சர்வர்கள் அத்தனையும் ஜோவின் சர்வருக்கு மிஸ்டு கால் கொடுக்கும். 'ஜோ இருக்கிறாரா?' இருக்கிறார். '250.' உடனே போலிக் கடிதம் நல்ல கடிதம் என்று முத்திரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஏற்கெனவே திரும்பி வந்த கடிதங்களில் மூச்சுத் திணறுகிற ஜோவின் சர்வர், இந்த விசாரணைகளுக்கும் பதில் சொல்லியே சாகும். அடிபட்டவனையே மறுபடி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்கிற கதை. கடைசியில், இப்படி மிஸ்டு கால் கொடுக்கிற சர்வர்களையே கறுப்புப் பட்டியலில் போட ஒரு பட்டியல் கிளம்பியது!

தப்பு எங்கே? கேள்வியில். 'ராமசாமி இருக்கிறாரா?' என்பது கேள்வியே அல்ல. 'ராமசாமி வழக்கமாக யார் மூலம் கடிதம் கொடுத்தனுப்புவார்?' என்று கேட்கவேண்டும்.

2002-ல் விக்ஸி இதை ஒரு குறிப்பாக எழுதினார். ஜெர்மனியில் ஹட்மூட் டானிஷ் ஒரு திட்டம் போட்டார். 2003-ல் இவற்றையெல்லாம் சேர்த்துப் பிசைந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மெங் வெங் வாங். திட்டத்தின் பெயர் எஸ்.பி.எஃப். விஷயம் சிம்பிள். டொமைன் வைத்திருப்பவர், டி.என்.எஸ். டைரக்டரியில் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். 'என் பெயரில் கடிதம் கொண்டுவர அனுமதி பெற்ற கம்ப்யூட்டர்கள் இன்னின்ன ஐ.பி. எண்கள் மட்டும். வேறு யார் வந்தாலும் நம்பாதே.' வாயால் சொல்கிற முகவரியும் புளுகமுடியாத எண்ணும் முதல்முறையாக ஒரே முடிச்சில் விழுந்தன. ஜோவுக்கு போன் போடவேண்டாம். டைரக்டரியைப் பார்த்தால் போதும்.

ஒரு வேடிக்கை. வாங் நடத்திவந்தது பி.ஓ.பாக்ஸ் டாட் காம் என்கிற சேவை. அதன் வேலையே, ஒரு நிரந்தர முகவரிக்கு வரும் கடிதங்களை நீங்கள் இப்போது இருக்கும் முகவரிக்குத் திருப்பிவிடுவது. அவர் கண்டுபிடித்த எஸ்.பி.எஃப்.போ, திருப்பிவிடப்படும் கடிதங்களைத்தான் முதலில் பலிவாங்கும்! கடிதத்தில் இருப்பது ராமசாமி பெயர், கொண்டுவருவதோ பி.ஓ.பாக்ஸ் சர்வர். பட்டியலில் இல்லாத ஆள். வெளியே போ. தன் கடைக்குத் தானே பூட்டு. அதற்கும் அவரே ஒரு பரிகாரம் சொல்லவேண்டியிருந்தது: திருப்பிவிடுகிறவர் உறை மேல் அனுப்புநர் பெயரை மாற்றி எழுதிவிடட்டும்.

2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இன்னும் இரண்டே வருடத்தில் ஸ்பாம் பிரச்னை தீர்ந்துவிடும் என்று அறிவித்தார். மைக்ரோசாஃப்டும் சொந்தமாக ஒரு முகவரிச் சோதனைத் திட்டம் வைத்திருந்தது. அதையும் எஸ்.பி.எஃப்.பையும் இணைத்து உலகத்துக்கே ஒரு பொது விதி செய்யலாம் என்று இணைய விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு அந்த மார்ச்சில் ஒரு குழு போட்டது. கல்யாணம் நிச்சயமாகிவிட்ட நேரத்தில், மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்குக் காப்புரிமை கேட்டது தெரியவந்தது. உரிம நிபந்தனைகளை ஏற்கமாட்டோம் என்று அப்பாச்சி அமைப்பும் டெபியனும் மறுத்துவிட்டன. செப்டம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள். ஆறு மாதம்தான் ஆயுள். இரண்டு திட்டங்களும் 2006-ல் தனித்தனியாக, 'பரிசோதனை' என்கிற லேபிளோடு வெளியாயின. எஸ்.பி.எஃப். தப்பிப் பிழைத்தது. 2014-ல்தான் அதற்கு முறையான விதி அந்தஸ்து வந்தது. ஸ்பாம்? கேட்ஸ் சொன்ன கெடு முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இதற்கிடையே யாஹூ வேறு திசையில் யோசித்தது. யார் கொண்டுவருகிறான் என்று ஏன் பார்க்கவேண்டும், கடிதத்தின் மேலேயே அரக்கு முத்திரை வைத்துவிட்டால்? கணித முறையில் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு, சரிபார்க்கும் சாவியை டைரக்டரியில் வைத்துவிடுவது. சிஸ்கோவின் திட்டமும் சேர்ந்து, 2007-ல் டி.கே.ஐ.எம். என்ற பெயரில் விதியாயிற்று. கடிதம் எத்தனை கை மாறினாலும், உள்ளே யாரும் திருத்தாதவரை முத்திரை செல்லும்.

முத்திரை பலமாக இருக்கவேண்டுமே? ஸக்கரி ஹாரிஸ் என்று ஃப்ளோரிடாவில் ஒரு கணித ஆசாமி. 2011 கடைசியில் அவருக்கு கூகுளிலிருந்து ஒரு மெயில். எங்களிடம் வேலைக்கு வருகிறீர்களா? நமக்கா என்று சந்தேகப்பட்டு, மெயில் போலியா எனப் பார்க்க முத்திரையை ஆராய்ந்தார். நிஜ கூகுள்தான். ஆனால் சாவியின் நீளம் வெறும் 512 பிட். அந்த அளவு சாவியை அமேசானில் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, 75 டாலர் செலவில் மூன்று நாளில் உடைக்கலாம் என்பது அவர் கணக்கு. கூகுள் இவ்வளவு அசட்டையாக இருக்காது, இது வேலைக்கான ரகசியப் பரீட்சை என்றே நினைத்துவிட்டார். உடைத்தார். கூகுள் நிறுவனர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் இருவர் பெயரில் ஒருவருக்கொருவர் எழுதுவதுபோல் மெயில் அனுப்பினார், தன் வெப்சைட்டைச் சிபாரிசு செய்து! பதிலே இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கூகுளின் சாவி 2,048 பிட்டாக மாறியிருந்தது. பரீட்சையெல்லாம் ஒன்றுமில்லை, நிஜமாகவே ஓட்டை. விஷயம் 2012 அக்டோபரில் பத்திரிகையில் வந்தபோது, இன்னும் பல பெரிய கம்பெனிகளின் சாவிகளும் இதே லட்சணம் என்று தெரிந்தது.

ஒரு பொந்து பாக்கி இருந்தது. எஸ்.பி.எஃப். பார்ப்பது உறையின் மேல் எழுதிய அனுப்புநர் பெயரை. நீங்கள் திரையில் பார்ப்பதோ உள்ளே லெட்டர்ஹெட்டில் இருக்கும் பெயரை. திருடன் உறையில் தன் சொந்த டொமைனை எழுதி ஒழுங்காகப் பாஸாகிவிட்டு, உள்ளே பேங்க் பெயரை அச்சடித்துக்கொள்ளலாம். இதை அடைக்க, பேபால் போன்ற கம்பெனிகளும் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2012-ல் டி.எம்.ஏ.ஆர்.சி. என்ற ஏற்பாட்டை வெளியிட்டார்கள். லெட்டர்ஹெட் பெயரும் சோதனையில் தேறிய பெயரும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன்காரரே சொல்லிவைக்கலாம்: விட்டுவிடு, குப்பையில் போடு, வாங்கவே வாங்காதே.

பேங்குகளுக்காக யோசித்த ஏற்பாடு இது. 2014 ஏப்ரலில் யாஹூ ஒரு காரியம் செய்தது. தன் கோடிக்கணக்கான சாதாரணப் பயனாளர்களின் முகவரிக்கும் 'வாங்கவே வாங்காதே' என்று எழுதிவைத்துவிட்டது. களவுபோன முகவரிப் புத்தகங்களை வைத்துப் போலி மெயில்கள் பறந்துகொண்டிருந்தன, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் மடற்குழுக்கள்? மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாஹூ குழுமங்களில் விடிய விடிய இலக்கியச் சண்டை போட்ட தலைமுறைக்கு மடற்குழு என்னவென்று விளக்கவேண்டியதில்லை. ஒருவர் எழுதுவார், குழுவின் சர்வர் எல்லோருக்கும் பிரதி அனுப்பும். லெட்டர்ஹெட்டில் யாஹூ முகவரி, கொண்டுவருவது குழு சர்வர். தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்த்ததில் முத்திரையும் உடைந்திருக்கும். ஜிமெயிலும் ஹாட்மெயிலும் யாஹூ சொன்னபடி திருப்பி அனுப்பின. குழு சாஃப்ட்வேர் என்ன நினைக்கும்? 'இந்த ஜிமெயில்காரருக்கு அனுப்புவதெல்லாம் திரும்பி வருகிறது, செத்த முகவரி போல' என்று அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். யாஹூக்காரர் எழுதிய கடிதத்துக்காக, ஒரு பாவமும் அறியாத ஜிமெயில்காரருக்குக் கல்தா. அதே மாதம் ஏ.ஓ.எல்.லும் யாஹூ வழியில் போனது. கடைசியில் வளைந்துகொடுத்தவை மடற்குழுக்கள்தான். எழுதியவர் பெயருக்குப் பதிலாகக் குழுவின் முகவரியையே லெட்டர்ஹெட்டில் போட ஆரம்பித்தன.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கட்டாயமாகவே ஆக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. மூன்றையும் வைத்திருக்க வேண்டும். சில்லறையாக அனுப்புகிற சின்ன சர்வர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பெரிய அனுப்புநர்களிடம் மூன்றையும் கேட்கத் தொடங்கியது. வீட்டில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்துக்கொள்கிற கில்மோர் வகையறாக்களுக்கு இது இன்னொரு தலைவலி.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு கடிதத்தின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டி, அசல் வடிவத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மேலேயே மூன்று வரிகள் இருக்கும். மூன்று சோதனைகளின் பெயர், பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில். உங்கள் பேங்கிலிருந்து வந்த கடிதம் மூன்றிலும் பாஸ் ஆகியிருக்கும். ஸ்பாம் பெட்டிக்குள் போய், 'உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது' என்று வந்திருக்கும் ஏதாவது ஒன்றையும் இதேபோல் திறந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு டொமைன் வாங்கி, டைரக்டரியில் மூன்று வரியையும் ஒழுங்காக எழுதிவைத்தவன் அனுப்பியதாக இருந்தால், அதுவும் மூன்றிலும் பாஸ்தான். இன்ன வீட்டிலிருந்து வருகிறேன் என்று அவன் சொன்னது உண்மை. அதற்கப்புறம் கடிதத்தை உள்ளே பிரித்துப் படித்து வடிகட்டுகிறார்கள். அது இன்னொரு பெரிய கதை.